வெள்ளத்தில் நின்ற கார், அணையாத ஏர்பேக் விளக்கு: வாங்கலாமா?

உப்பனாறு:

எல்லாருக்கும் வணக்கம். ரெட்டிச்சாவடியில் ஒரு பழைய கார் விலைக்கு வந்திருக்கிறது. 2020 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்னால் ரெண்டு ஏர்பேக், 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, அடுத்த ரெண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் திரண்டு வந்தபோது வண்டி நாணமேட்டில் நின்றிருக்கிறது. "கால் மேட்டு நனைஞ்சுது, அவ்வளவுதான்" என்கிறார் விற்பவர். இன்ஜின், கியர், ஏசி எல்லாம் நன்றாகவே இருக்கின்றன.

சாவி போட்டதும் வரும் ஏர்பேக் விளக்கு மட்டும் அணையவே இல்லை. ஸ்கேன் செய்ததில் ரெண்டு கோளாறு கோடு (code) வந்தது: டிரைவர் பக்க பெல்ட் ப்ரீடென்ஷனர் (மோதும்போது பெல்ட்டை இழுத்து இறுக்கும் பாகம்) ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, அதிகம்; இடது பக்க ப்ரீடென்ஷனர் கிரவுண்டுக்கு ஷார்ட், அதாவது அதன் மின்சாரம் வண்டியின் உடம்புக்குக் கசிகிறது. மெக்கானிக் "சீட்டுக்கு அடியில இருக்குற கனெக்டரைத் துடைச்சா போயிடும், போகலன்னா ஒரு ரெசிஸ்டர் வெச்சு விளக்கை அணைச்சுத் தரேன்" என்கிறார்.

நம்பி வாங்கலாமா? எதையெல்லாம் மாற்ற வேண்டி வரும்? வீட்டில் 4 வயதுப் பையன் இருக்கிறான், அதனால்தான் யோசனை.

மஞ்சள் கனெக்டர்:

சார், அந்த ரெண்டு கோடும் "கால் மேட்டு நனைஞ்சுது" என்ற பேச்சோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ப்ரீடென்ஷனர் ரெண்டு இடத்தில் ஒன்றில் இருக்கும். ஒன்று, பெல்ட் சுருளும் ரீலோடு சேர்ந்து, நடுத்தூணின் (முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் உள்ள தூண்) அடியில் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால். இன்னொன்று, பக்கிளின் அடியில். பக்கிளுக்குக் கீழே மடிப்பு மடிப்பாக ரப்பர் உறையும், அதற்குள் ஸ்டீல் கேபிளும், பக்கத்தில் மஞ்சள் கனெக்டரும் தெரிந்தால் பக்கிளில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் கனெக்டர் சீட்டுக்கு அடியில் தரையை ஒட்டி இருக்கும்; நாலு விரல் தண்ணீரே அதை நனைத்துவிடும். விற்பவர் சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்புண்டு.

பக்கிளில் வெறும் பட்டை மட்டும் இருந்தால் ப்ரீடென்ஷனர் நடுத்தூணில்தான். அதன் கனெக்டர் வாசல்படியைத் தாண்டி ஒரு சாண் உயரத்தில் இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அங்கே கோளாறு என்றால் தண்ணீர் அந்த உயரம் ஏறியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். அப்புறம் பெரிய கவலை வேறு: ஏர்பேக் மாட்யூல், அதாவது பையை எப்போது விரிக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டி. பெரும்பாலான வண்டிகளில் அது கியர் லீவருக்கு முன்னாலோ ஹேண்ட்பிரேக்குக்கு அடியிலோ, தரையின் நடுவில் மேடாக இருக்கும் இடத்தில் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். ரீலைத் தொட்ட தண்ணீர் அதை விட்டு வைத்திருக்காது.

மாட்யூல் இன்றைக்குப் பேசுகிறது, கோடு தருகிறது என்பதால் நல்லது என்று நினைக்காதீர்கள். சேற்றுத் தண்ணீர் காய்ந்த பிறகு உப்பும் மண்ணும் பின்களுக்கு நடுவில் தங்கிவிடும். கடலோரக் காற்றின் ஈரத்தில் அது மெதுவாகப் பச்சை பூத்து வேலையைக் காட்டும், சில சமயம் பல மாதம் கழித்து.

பழைய துறைமுகம்:

இதுக்கு ஏன் இவ்வளவு பயமுறுத்தல்? சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் எல்லா வண்டியிலும் தொல்லைதான். சீட்டை முன்னும் பின்னும் தள்ளினாலே லூஸாகும். வாக்யூம் போடுபவன் குழாயால் இடித்தாலும் கோடு விழும். கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, திரும்பப் போட்டு ஸ்கேனரில் கோடை அழித்தால் பத்தில் எட்டு போய்விடும். மாட்யூல், ரீல் என்று ஏத்திவிட்டால் வண்டி விலையில் பெரிய பங்கு அங்கேயே போய்விடும்.

மஞ்சள் கனெக்டர்:

அண்ணே, காய்ந்த வண்டியில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் முதலில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். சண்டை வேண்டாம், வண்டியே சொல்லிவிடும்.

உப்பனாறு சார், இதைப் பாருங்கள். முன் பெல்ட்டை முழுக்க, ரீல் நிற்கும்வரை இழுங்கள். கடைசி ஒரு முழம் யாரும் இழுக்காத பகுதி. கழுவுகிறவனும் அதை விட்டுவிடுவான். அங்கே மண் நிறத்தில் குறுக்குக் கோடு இருந்தால் ரீல் மூழ்கியது. அப்படியே அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரிப்புத் தேதி பாருங்கள். வண்டி தேதிக்குப் பல மாதம் பின்னால் இருந்தால் பெல்ட் மாற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேட்க வேண்டும். அடுத்து நடு கன்சோலின் பக்கவாட்டு மூடி. பெரும்பாலும் கிளிப்பிலோ ஒன்றிரண்டு ஸ்க்ரூவிலோ நிற்கும். அதைத் தளர்த்தி டார்ச் அடித்தால் மாட்யூலின் அலுமினிய உடம்பு தெரியும். கையால் தொட வேண்டாம். போல்ட் தலையில் துரு, பிராக்கெட் மூலையில் வண்டல், கனெக்டர் ஓரத்தில் வெள்ளைப் பொடி, இவற்றில் ஒன்று போதும்.

வாசல்படியின் பிளாஸ்டிக்கைக் கிளப்பி கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சை அழுத்தியும் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் பஞ்சு வருடக்கணக்கில் ஈரம் பிடித்து வைக்கும். "கிரவுண்டுக்கு ஷார்ட்" என்ற கோடுக்கு அந்த ஈரமே காரணமாக இருக்கலாம்.

உப்பனாறு:

பார்த்துவிட்டேன் சார். பக்கிளில் கேபிள் இல்லை, வெறும் பட்டைதான். டிரைவர் பெல்ட்டை முழுசா இழுத்தால் கடைசியில் ஒரு சாண் நீளத்துக்குக் காவி நிறம், விரலில் மண் ஒட்டுகிறது. கன்சோல் பக்கம் மாட்யூலின் பின்பக்க போல்ட் ரெண்டும் துருப்பிடித்திருக்கின்றன. விற்பவர் இப்போது "சீட்டு வரைக்கும் வந்திருக்கலாம்" என்கிறார்.

விலையைக் குறைத்தால் வாங்கும் எண்ணம் இன்னும் இருக்கிறது. ஆனால் ரெண்டு விஷயம் புரியவில்லை. மூழ்கியது பெல்ட்டும் பெட்டியும். ஏர்பேக் மேலே ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும் பத்திரமாக இருக்கிறதே, அது வேலை செய்யாதா? இன்னொன்று, ரெசிஸ்டர் வைத்தால் என்ன ஆகும்?

தட்டாஞ்சாவடி:

இங்கே நான் வருகிறேன். முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம், மீதி தானாகப் புரியும்.

மாட்யூலுக்குள் வேகமாற்றத்தை அளக்கும் சிப் இருக்கிறது. பல வண்டிகளில் ரேடியேட்டர் சட்டத்தில் முன் சென்சாரும் தனியாக உண்டு. நேருக்கு நேர் மோதும்போது வண்டி எவ்வளவு திடீரென்று வேகம் இழக்கிறது என்பதை வைத்து, மோதிய 15 முதல் 30 மில்லி செகண்டுக்குள் அது முடிவெடுத்துவிடும். ஸ்பீடோமீட்டரில் என்ன வேகம் என்பது அதற்குக் கணக்கே இல்லை. கெட்டியான சுவரில் மோதினால் சுமார் 13 முதல் 23 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமான அடியிலேயே பை விரியலாம். அதே நேரம் 60-ல் போய் மாட்டை இடித்தாலும் விரியாமல் இருக்கலாம், ஏனென்றால் வண்டி இழந்த வேகம் கொஞ்சம்தான்.

முடிவெடுத்ததும் ஒவ்வொரு பையின் ஸ்குவிபுக்கும், அதாவது தீமூட்டும் சிறு திரிக்கும், மின்சாரம் அனுப்பும். பொதுவாக 1.2 ஆம்பியர் 2 மில்லி செகண்ட் போனால் திரி பற்றும். நைட்ரஜன் அதிகமுள்ள வாயு வெளியாகி டிரைவர் பக்கம் சுமார் 50 - 60 லிட்டர், இடது பக்கம் அதைப்போல ரெண்டு மடங்குப் பை சில பத்து மில்லி செகண்டில் நிரம்பும். முகம் அதில் புதையும்போதே பின்பக்கத் துளைகள் வழியாகக் காற்று வெளியேறத் தொடங்கியிருக்கும். நிரம்பிய பையில் மோதினால் மெத்தை. நிரம்பிக்கொண்டிருக்கும் பையில் மோதினால் உதை. அதற்காகத்தான் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி கேட்கிறார்கள்.

அந்த இடைவெளியைக் காப்பாற்றித் தருவது பெல்ட். ப்ரீடென்ஷனர் பைக்குச் சற்று முன்னாலோ கூடவேயோ பற்றி, தளர்வாக இருக்கும் சில அங்குலப் பெல்ட்டை இழுத்து உங்களைச் சீட்டோடு சேர்க்கும். பிறகு லோட் லிமிட்டர், ரீலின் நடுவில் முறுக்கிக்கொள்ளும் ஒரு கம்பி, விலா எலும்பு உடையாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். பெல்ட் பிடிப்பது, பை தாங்குவது என்று ரெண்டும் ஒரே கணக்கில் நேரம் குறித்துச் செய்தவை. ரீல் செத்துப்போனால் ஆள் முன்னாலேயே போய்ப் பை விரிகிற வாயில் முகத்தைக் கொடுப்பார்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. பை மேலே பத்திரமாக இருக்கலாம், ஆனால் அதற்குச் சொல்லி அனுப்புகிற பெட்டி மூழ்கிவிட்டது. விளக்கு எரியும்போது பல வண்டிகளில் மாட்யூல் கோளாறான கிளையை மட்டும் விடும், சிலவற்றில் மொத்த சிஸ்டத்தையும் நிறுத்திவிடும். உங்கள் வண்டியில் எது என்று யூகிக்க வேண்டாம், விளக்கு எரிந்தால் எதுவும் விரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசிஸ்டர் விஷயம். சாவி போட்டதிலிருந்து மாட்யூல் ஒவ்வொரு திரியின் வழியாகவும் மிகச் சிறிய மின்சாரம் விட்டு ரெசிஸ்டன்ஸ் அளந்துகொண்டே இருக்கும். நல்ல திரி சுமார் 2 ஓம். கடையில் விற்கும் ரெசிஸ்டரை அந்த மதிப்புக்கு வைத்தால் மாட்யூல் "எல்லாம் இருக்கு" என்று ஏமாந்து விளக்கை அணைத்துவிடும். மோதும்போது ரெசிஸ்டர் சூடாகும், பெல்ட் இழுபடாது. அதைவிட மோசம், அடுத்து வண்டியை வாங்குபவருக்கு இது தெரியவே தெரியாது.

மஞ்சள் கனெக்டர்:

தட்டாஞ்சாவடி சார் சொன்னதோடு சேர்த்து, ஏமாற்று வேலையைப் பிடிக்க ஒரு வழி. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, இன்ஜின் ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். ஏர்பேக் விளக்கு தனியாக வந்து, சில செகண்ட் நின்று, தனியாக அணைய வேண்டும். வராமலே இருந்தால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஆயில் விளக்கோடும் பேட்டரி விளக்கோடும் சேர்ந்து ஸ்டார்ட் ஆன நொடியில் அணைந்தால் அந்த ஒயரில் கட்டியிருக்கிறார்கள். வண்டியில் செருகிக் கோடு படிக்கும் சாதாரண புளூடூத் ஓபிடி கருவி பெரும்பாலும் இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும். "நோ கோடு" என்று அதில் காட்டினால் ஏர்பேக் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். எல்லா மாட்யூலையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

கோடின் கடைசி ரெண்டு எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 11 என்றால் கிரவுண்டுக்கு ஷார்ட், 12 பேட்டரிக்கு ஷார்ட், 13 அறுந்த சுற்று, 1ஏ ரெசிஸ்டன்ஸ் குறைவு, 1பி அதிகம். 13-க்கு முதலில் கனெக்டரைப் பார்க்க வேண்டும். 1ஏ வந்தால் கனெக்டருக்குள் இருக்கும் ஷார்ட்டிங் கிளிப்பையும் பாருங்கள். மஞ்சள் கனெக்டரைக் கழற்றியவுடன் ரெண்டு பின்னையும் சேர்த்துப் பிடிக்கும் சிறு தகடு அது, ஸ்டாட்டிக் மின்சாரம் திரியைப் பற்ற வைக்காமல் இருப்பதற்காக வைத்திருப்பது. சரியாக அழுத்திப் போடாவிட்டால் அது விலகாது, கோடு போகாது.

பழைய துறைமுகம்:

சரி, ரீலில் மண் என்றால் நானும் கட்சி மாறுகிறேன். மாட்யூல் மூழ்கியதைத் துடைத்துத் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் கேட்காதீர்கள். வாங்குவதாக இருந்தால் ரெண்டு முன் ரீல், மாட்யூல், மூழ்கிய கனெக்டர்கள் மாற்றும் செலவை சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். பின் சீட் ரீல்களும் நனைந்ததா என்று தனியாகப் பார்க்கணும். பழைய இன்ஷூரன்ஸ் கிளெயிம் விவரத்தையும் கேளுங்கள், வெள்ளத்துக்கு கிளெயிம் ஆனதா, சர்வேயர் எதையெல்லாம் மாற்றச் சொன்னார் என்று தெரிந்துவிடும். பில்லில் ஏர்பேக் மாட்யூல் இருந்து வண்டியில் துருப்போல்ட் இருந்தால் அது தனிக்கதை.

உப்பனாறு:

பேரம் பேசிவிட்டேன், எஸ்டிமேட் தொகை முழுக்கக் கழித்தாயிற்று. நம்ம ஊர் எலக்ட்ரீஷியனிடம் இந்த வேலையைத் தரலாமா? தந்தால் எதைக் கவனிக்கணும்? காயலான் கடையில் பழைய மாட்யூல் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்கிறார்.

மஞ்சள் கனெக்டர்:

காயலான் கடை மாட்யூல் வேண்டாம். விபத்தான வண்டியில் இருந்து வந்திருந்தால் கிராஷ் டேட்டா பூட்டியிருக்கும். பூட்டாவிட்டாலும் அதில் பதிந்திருப்பது வேறு வண்டியின் கணக்கு: எத்தனை பை, எத்தனை சென்சார், எந்த பாடி. புதிதையே அந்த வண்டிக்கான மென்பொருள் அமைப்பைப் போட்டுத்தான் உயிர்ப்பிக்க வேண்டும். அதற்குரிய ஸ்கேனர் இல்லாத எலக்ட்ரீஷியன் மாட்டி மட்டும் தந்தால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை இவை. பேட்டரி மைனஸை முதலில் கழற்ற வேண்டும். கழற்றிய கையோடு வேலை தொடங்கக் கூடாது. பேட்டரி துண்டானாலும் பையை வெடிக்க வைக்க மாட்யூலுக்குள் கெப்பாசிட்டர் மின்சாரம் சேர்த்து வைத்திருக்கும். மேனுவலில் 3 நிமிடம் என்றால் 3, 10 என்றால் 10. டீ குடித்துவிட்டு வரட்டும்.

மஞ்சள் கனெக்டரின் பை பக்கத்தில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது, டெஸ்ட் லாம்பு கண்டிப்பாகக் கூடாது. ரெசிஸ்டன்ஸ் அளக்க மீட்டர் அனுப்பும் மின்சாரமும் திரிக்கு ஆபத்துதான். சோதிக்க, திரிக்குப் பதில் தற்காலிக டம்மி மாட்டி ஒயரை மட்டும் அளப்பார்கள். ரெசிஸ்டருக்கு இந்தத் தொழிலில் இருக்கும் ஒரே நியாயமான வேலை அதுதான், சோதனை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

மாட்யூலின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் சிப்புக்கு முன்னும் பின்னும் மாறிவிடும். உட்காரும் இடத்தில் துருவைச் சுரண்டி நல்ல உலோகம் தெரிய வேண்டும், கார்ப்பெட் ஓரம் அடியில் மாட்டக் கூடாது. போல்ட்டுகளை மேனுவலில் உள்ள டார்க்குக்கு (முடுக்கும் விசை அளவு) முடுக்கிய பிறகே பேட்டரி இணைப்பு. போல்ட் போடாத மாட்யூலைச் சாவி ஆனில் கையில் தூக்கி ஆட்டக் கூடாது.

ஸ்டீயரிங்கைக் கழற்றத் தேவையே இல்லை, கழற்ற விடாதீர்கள். அதற்கடியில் கிளாக் ஸ்பிரிங் இருக்கிறது, பட்டை ஒயர் சுருளாக. நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் ரெண்டரைச் சுற்று சுமாராகத் திரும்பும். நடு தப்பி மாட்டினால் முதல் யூ-டர்னிலேயே அறுந்து ஹார்னும் போகும், ஏர்பேக்கும் போகும். அலைன்மென்ட் கடையில் "ஸ்டீயரிங் நேராக்கித் தரேன்" என்று வீலைக் கழற்றி மாட்டுவதும் இதே வம்புதான். சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடில் திருத்துவதே முறை.

தட்டாஞ்சாவடி:

புதிய ரீல் மாட்டியதும் இதைச் சோதித்துப் பாருங்கள். மெதுவாக இழுத்தால் வர வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும். ஆளில்லாத சாலையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்தினால் பெல்ட் நெஞ்சைப் பிடிக்க வேண்டும். ரீலை நடுத்தூணில் சற்றுச் சாய்த்து மாட்டிவிட்டால் சமதளத்திலேயே பூட்டிக்கொண்டு வராமல் படுத்தும், உள்ளே இருக்கும் குண்டு சாய்வை உணர்வதால்.

பையன் பற்றி: முன் சீட்டில் வேண்டாம், பின் சீட்டில் அவன் உயரத்துக்கும் எடைக்கும் பொருந்தும் குழந்தை இருக்கை. பின்னோக்கிய இருக்கையை உயிருள்ள ஏர்பேக்குக்கு முன்னால் எந்தக் காலத்திலும் வைக்கக் கூடாது. பெல்ட் அலாரத்தை ஏமாற்றும் கிளிப்பை வண்டியோடு தந்தால் தூக்கி எறியுங்கள். பல வண்டிகளில் பக்கிள் சுவிட்சைப் பார்த்துத்தான் பை எந்த அளவு அடிக்கு விரிய வேண்டும் என்று மாட்யூல் தீர்மானிக்கிறது. கிளிப் இருந்தால் பெல்ட் போட்டிருப்பதாகவே நினைக்கும்.

அப்புறம் இடது பக்க டேஷ்போர்டில் பிள்ளையார் வைக்கிற பழக்கம். அந்த மூடிதான் மேலே திறந்து கண்ணாடியைத் தட்டி விரியும். கல் பிள்ளையார், சென்ட் பாட்டில், ஒட்டும் மேட்டு எல்லாம் முகத்துக்கு வரும். நடுவில் மியூசிக் சிஸ்டம் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் சாமி போதும்.

உப்பனாறு:

கடைசியாக ஒன்று. கழற்றிய பழைய ரீலை எலக்ட்ரீஷியன் "ஸ்கிராப்புக்குப் போட்டுடுறேன்" என்கிறார். தரலாமா?

மஞ்சள் கனெக்டர்:

தராதீர்கள். பற்றாத ப்ரீடென்ஷனர் உள்ளே வெடிமருந்தோடு இருக்கிறது. காயலான் கடையில் கேஸ் கட்டரோ சுத்தியலோ பட்டால் வெடிக்கும். புதிய பாகம் வந்த பெட்டியிலேயே வைத்து, கனெக்டர் முனையைத் தொடாமல், பாகம் வாங்கிய சர்வீஸ் சென்டரிலேயே திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாட்யூலையும் அதே பெட்டியில் போடலாம்.